கண் இருக்கிறது, கை எங்கே?

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி இரவைச் சென்னைவாசிகள் அதற்குள் மறந்திருக்க மாட்டார்கள். மணலி துணை மின்நிலையத்தில் தீப்பிடித்தது. நகரத்தின் பல பகுதிகள் ஒரே அடியாக இருளில் மூழ்கின. புழுக்கம் தாங்காமல் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் தெருவில் வந்து நின்றார்கள். மறுநாள் காலை மயிலாப்பூரில் ஒரு டீக்கடை வாசலில் கட்டிட வேலைத் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார்: "எங்கேயோ மணலியில் தீப்பிடித்தால் பட்டணத்து நடுவிலே விளக்கு ஏன் அணைய வேண்டும்?"

நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை சொல்லப் புகுந்தால் மணலியோடு நிற்க முடியாது. குவாலியர் வரை, சோலாப்பூர் வரை போக வேண்டியிருக்கிறது. ஆகவே இந்த வாரத் தலையங்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பது போல் மின்சாரத்தைக் கொட்டி வைக்க முடியாது. பெரிய மின்கலங்கள் வந்திருக்கின்றன, உண்மை. நாட்டின் மொத்தத் தேவைக்கு முன் அவை இன்றும் சிறு படியே. எந்த வினாடியில் செலவோ அந்த வினாடியில்தான் உற்பத்தி. பழைய பஞ்சாலைகளில் இருந்த லைன் ஷாப்டைப் பற்றித் தோழர்கள் தகப்பனார் வாயிலாகவேனும் கேட்டிருப்பீர்கள். கூரையடியில் நீளமான இரும்புத் தண்டு ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். அதிலிருந்து பெல்ட்டுகள் இறங்கி வரிசையாக யந்திரங்களை ஓட்டும். எஞ்சின் ஒரு கோடியில், கடைசி யந்திரம் மறு கோடியில், தண்டு ஒன்றே.

இந்திய மின்தொகுப்பும் அப்படிப்பட்ட ஒரே தண்டுதான். வடசென்னை அனல்மின் நிலையத்தின் டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது, அதாவது வினாடிக்கு 50. கூடங்குளத்திலும் 50. வடக்கே பஞ்சாபிலும் 50. இந்த 50-ஐத்தான் அதிர்வெண் என்கிறார்கள். எல்லோரும் ஒரே வேகத்தில் ஓடியாக வேண்டும். செலவு கூடினால் தண்டு தளரும், குறைந்தால் விரையும். 49.90-க்குக் கீழும் போகக்கூடாது, 50.05-க்கு மேலும் போகக்கூடாது என்று விதி வகுத்திருக்கிறார்கள்.

இதுவரை யாருக்கும் புரியும். சூட்சுமம் இனிமேல்தான் இருக்கிறது.

பளுவான வேலையில் நீண்ட தண்டு முறுக்கிக்கொள்ளும். இரு கோடியும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் எஞ்சின் பக்கம் சற்று முந்தியும் மறுபக்கம் சற்றுப் பிந்தியும் நிற்கும். பளு ஏற ஏற முறுக்கு ஏறும். ஒரு எல்லையைத் தாண்டினால் தண்டு முறிந்து தெறிக்கும். மின்சாரக் கம்பியிலும் இதே கதைதான். மின்சாரம் புறப்படும் ஊரின் அலை, போய்ச் சேரும் ஊரின் அலையை விட இத்தனை பாகை முந்தியிருக்கிறது என்பதே அந்த முறுக்கு. வேகத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு முறுக்கு கண்ணில் படாது. தண்டின் இரு கோடியிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டையும் ஒரே கணத்தில் பார்க்க வேண்டும்.

ஒரே கணம் என்றால் எவ்வளவு நுட்பமான கணம் என்று கணக்குப் போடுங்கள். அலை வினாடிக்கு 50 முறை முழுச்சுற்றுச் சுற்றுகிறது. ஆகவே ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே 18 பாகை தப்பிப்போகும்! சென்னையில் இருக்கும் கடிகாரமும் ராய்ச்சூரில் இருக்கும் கடிகாரமும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வினாடி அளவுக்கு ஒத்துப்போனால்தான் கணக்கு நிற்கும். எந்தக் கடிகாரக்காரனால் இது ஆகும்? ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களால் ஆகும். அவற்றில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. அவை அனுப்பும் நேரத்தைப் பிடித்து, மின்நிலையத்தில் ஓடும் அலையின் உயரத்தையும் கோணத்தையும் வினாடிக்கு 25 தடவை அளந்து, ஒவ்வொரு அளவின் மேலும் நேர முத்திரை குத்தி, கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும் கருவி ஒன்று உண்டு. பேஸர் அளவீட்டுக் கருவி என்று பெயர். மின்சார ஊழியர்கள் சுருக்கமாகப் பி.எம்.யூ. என்பார்கள். (இந்த நேரத்தைப் பறைசாற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அமெரிக்க ராணுவத்தின் வசம் இருப்பவை என்பதையும், நமது விஞ்ஞானிகள் நாவிக் என்ற பெயரில் சொந்தமாகச் சிலவற்றை ஏவியிருக்கிறார்கள் என்பதையும் போகிற போக்கில் குறித்துக்கொள்ளலாம்.)

இதற்கு முந்திய ஏற்பாடும் ஒன்று உண்டு. இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. ஸ்காடா என்பது அதன் பெயர். சில வினாடிகளுக்கு ஒரு முறை ஒவ்வொரு நிலையத்தையும் விசாரித்து வரும். ஆனால் ஒரு நிலையத்தின் கணக்கு ஒரு கணத்தைச் சேர்ந்தது, அடுத்த நிலையத்தின் கணக்கு வேறொரு கணத்தைச் சேர்ந்தது. ஓடுகிற மாட்டுவண்டியின் முன்பக்கத்தை இப்போதும் பின்பக்கத்தைச் சற்றுப் பொறுத்தும் படம் பிடித்து, இரண்டையும் ஒட்டிப் பார்ப்பது போன்ற சங்கதி அது.

புதிய கருவியைக் கண்டவர்களில் முதன்மையானவர் அருண் பட்கே. குவாலியரில் பிறந்து, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பேராசிரியராக இருந்தவர். ஜேம்ஸ் தார்ப் என்ற சகாவோடு சேர்ந்து அவர் 1980-களில் இதை உருவாக்கினார். குவாலியர் என்ற ஊர்ப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டின் மிகப் பெரிய இருட்டு அங்கிருந்துதான் புறப்பட்டது.

2012 ஜூலை 30, பின்னிரவு 2 மணி 33 நிமிடம். பீனாவிலிருந்து குவாலியர் செல்லும் 400 கிலோவோல்ட் கம்பி துண்டித்துக்கொண்டது. கம்பி அறவில்லை, மின்கசிவும் இல்லை. அளவுக்கு மீறிய பளுவையே பழுது என்று எண்ணிக் காவல் கருவி அதைத் துண்டித்துவிட்டது. அந்தக் கம்பி சுமந்த பளு மற்றக் கம்பிகளின் தலையில் விழுந்தது. அவை ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. வடபிராந்தியம் முழுவதும் இருண்டது. மறுநாள் பகல் 1 மணிக்கு அதே கம்பி, அதே கதை. இம்முறை வடக்கும் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு! ரயில்கள் நடுவழியில் நின்றன. மேற்கு வங்கத்தின் பர்த்வான் பகுதிச் சுரங்கங்களில் 200-க்கும் மேற்பட்ட நிலக்கரித் தொழிலாளர்கள் மேலே வர வழியின்றிப் பூமிக்கடியில் சிக்கிக்கொண்டார்கள். எந்த நிலக்கரியால் மின்சாரம் பிறக்கிறதோ அதை வெட்டுகிறவனுக்கு, மின்தூக்கியை இயக்க மின்சாரமில்லை. நல்லவேளையாக அவர்கள் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

பின்னர் சர்க்கார் விசாரணைக் கமிட்டி போட்டது. நடந்ததை வினாடி வினாடியாக அடுக்கிப் பார்க்க அந்தக் கமிட்டிக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? 2010-ஆம் ஆண்டில் வடபிராந்தியத்தில் சோதனைக்காகப் பொருத்தப்பட்ட பி.எம்.யூ. கருவிகள் எழுதிவைத்த கணக்குத்தான். இவற்றை நாடு முழுவதும் பரப்ப வேண்டும் என்று கமிட்டி சிபாரிசு செய்தது.

அப்போது தென்னாடு தப்பியது. காரணம் நமது சாமர்த்தியம் அல்ல. தெற்கு அன்று வடக்கோடு ஒரே தண்டாகப் பிணைக்கப்படவில்லை. நேர்மின்சாரக் கம்பிகள் மட்டுமே நடுவில் இருந்தன. அவை பல்சக்கரம் போல் கோத்து இழுப்பவை அல்ல. வாய்க்கால் போல் மின்சாரத்தை மட்டும் விடுபவை. ஆகவே அங்கே கவிழ்ந்தது இங்கே கவிழவில்லை. ஆனால் அதே காரணத்தால் நாம் பட்ட கஷ்டத்தையும் மறக்கக்கூடாது. வடக்கே மின்சாரம் இருந்தபோதும் தெற்கே கொண்டுவரப் போதிய பாதை இல்லை. 2012-ல் தமிழ்நாடு பட்ட பாட்டுக்கு இங்குள்ள பற்றாக்குறையோடு இதுவும் ஒரு காரணம். அந்த ஆண்டில் சென்னை நகரத்துக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. கோவையிலும் மதுரையிலும் தஞ்சைக் கிராமங்களிலும் பத்து மணி நேரத்துக்கும் மேலாக வெட்டு. விசைத்தறி நின்றது, கூலி நின்றது. பம்புசெட் நின்றது, நடவு நின்றது. தியாகராய நகரின் துணிக்கடைகளில் மட்டும் விளக்கு பளபளத்தது.

2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி இணைக்கப்பட்டது. அன்றிலிருந்து காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே தண்டு. இது நல்லதா, கெட்டதா? நல்லதுதான் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆடி மாதத்தில் முப்பந்தலில் காற்றாலைகள் சுழலும்போது மிஞ்சுவதைக் கொடுக்கலாம்; காற்று ஓய்ந்தபோது வாங்கலாம். ஆனால் இனி குவாலியரில் முறுக்கு ஏறினால் அது நமது தண்டிலும் ஏறும். 2012-ல் இருந்த வேலி இன்று இல்லை. ஆகவே முறுக்கைப் பார்க்கும் கண் நமக்கும் வேண்டும்.

அந்தக் கண் வந்திருக்கிறது என்பதைச் சந்தோஷமாகவே சொல்கிறோம். பவர் கிரிட் கார்ப்பரேஷன் என்ற பொதுத்துறை நிறுவனம் 2014-ல் வேலையைத் துவக்கி, நாடெங்கும் சுமார் 350 நிலையங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகளைப் பொருத்தியது. முதல் கட்ட மதிப்பீடு சுமார் 374 கோடி ரூபாய். இதில் பெரும்பகுதி, ஒதுக்கீட்டை மீறி மின்சாரம் இழுத்த ராஜ்யங்களும் கம்பெனிகளும் கட்டிய அபராதம் போன்றவை சேர்ந்த நிதியிலிருந்து வந்தது. அபராதமும் கடைசியில் பில் கட்டுகிறவன் தலையில்தான் விடிகிறது. ஆகவே இது நம்முடைய காசு. அண்ணா சாலையிலுள்ள மாநில மின்சுமை பகிர்வு மையமும், பெங்களூரிலுள்ள தென்பிராந்திய மையமும், டில்லியிலுள்ள தேசிய மையமும் இன்று ஒரே நேரத்தின் கீழ் வந்த கணக்கைப் பார்க்க முடிகிறது. யந்திரம் வந்தால் வேலை போகும் என்று பயப்படும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: இது யாருடைய வேலையையும் பறிக்கும் யந்திரம் அல்ல. எந்த மனிதக் கண்ணாலும் செய்ய முடியாத காரியத்தைச் செய்வது.

ஆனால் கண் மட்டும் போதுமா?

2003 ஆகஸ்ட் 14-ஆம் தேதி அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஐந்து கோடிப் பேர் இருளில் கிடந்தார்கள். ஒஹையோ ராஜ்யத்தில் ஒரு தனியார் மின்கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் அபாய மணி கம்ப்யூட்டர் செயலிழந்து கிடந்தது; அறையில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. இது கண்ணின் குறை. ஆனால் மூலம் வேறு. பளு ஏறிச் சூடேறிய கம்பிகள் தொய்ந்து மரங்களில் உரசின. காலாகாலத்தில் மரம் வெட்டவில்லை என்று இரு நாட்டு விசாரணைக் குழு குற்றம் சாட்டியது. உலகத்தின் பெரிய பணக்கார நாடு ஒரு கிளையை வெட்ட ஆள் வைக்காமல் இருண்டுபோனது!

2012-ல் நம் நாட்டில் நடந்தது என்ன? அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள், குறையுங்கள் என்று பிராந்திய மையம் சொன்னதற்கு ராஜ்ய மையங்கள் தக்கபடி செவிசாய்க்கவில்லை என்று விசாரணைக் கமிட்டியே எழுதியது. ஆபத்து தெரியாமல் இல்லை. தெரிந்தும் நடக்கவில்லை.

2025 ஏப்ரல் 28-ஆம் தேதி ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்ட கதை இன்னும் தெளிவானது. பகல் 12.33-க்குச் சில வினாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் 12.03-க்கும் 12.19-க்குமே மின்தொகுப்பு இங்குமங்கும் ஊசலாடியது கருவிகளில் பதிவாகியிருந்தது. அதைப் பார்த்தார்கள், ஊசலை அடக்க நடவடிக்கையும் எடுத்தார்கள். அந்த நடவடிக்கையே மின்னழுத்தத்தை உயர்த்த ஒரு காரணமாயிற்று. ஏறிய அழுத்தத்தை இறக்கிப் பிடிக்கும் சக்தி போதிய அளவில் இருக்கவில்லை. கண் பார்த்துக்கொண்டே இருந்தது, கை எட்டவில்லை.

இந்தக் கை என்பது என்ன? அதில் ஒன்று தானியங்கிக் கை. அதிர்வெண் 49.4-க்கு இறங்கினால், பிறகு 49.2, 49.0, 48.8 என்று இறங்க இறங்க, யாரையும் கேட்காமல் சில மின்பாதைகளை அறுத்துவிடும் ரிலேக்கள் நம் துணை மின்நிலையங்களில் இருக்கின்றன. 2012-ல் தெற்கைக் காப்பாற்றியதில் இவற்றுக்கும் பங்குண்டு. மூழ்கும் தோணியிலிருந்து மூட்டைகளைத் தூக்கி எறிவது போன்ற காரியம். தவறென்று சொல்ல மாட்டோம். ஆனால் யாருடைய மூட்டை? எந்த பீடரை அறுப்பது என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். வினாடிக்கு 25 முறை அளக்கும் விஞ்ஞானம் முழுவதும் கடைசியில் அந்தப் பட்டியலில் வந்து முடிகிறது. ஆஸ்பத்திரியை அறுக்கக்கூடாது, சரி. குடிநீர் நிலையத்தை அறுக்கக்கூடாது, சரி. மீதியில் எது முதலில்? போட் கிளப் சாலை பங்களாக்களின் பாதையா, ஊரூர் குப்பத்து மீனவர்களின் பாதையா? ரங்கநாதன் தெருவா, நெல்வயலா? ஆபத்து வேளையில் யோசிக்க நேரமிராது. ஆகவே நிதானமான வேளையில் ஜனங்கள் அறிய இது தீர்மானிக்கப்பட வேண்டும் என்கிறோம்.

இன்னொரு கை, சதையும் எலும்பும் கொண்ட கை. மேலே 400 கிலோவோல்ட்டில் வினாடிக்கு 25 அளவு. கீழே, கோட்டூர்புரத்திலோ சைதாப்பேட்டையிலோ ஒரு சந்தில் மின்சாரம் நின்றால் அது எப்படித் தெரியவருகிறது? பெரும்பாலும் வீட்டுக்காரர் மின்னகத்துக்கு டெலிபோன் செய்தால்தான் தெரியவருகிறது. அந்தச் சந்துக்கு அளவுக் கருவி அவர்தான்! தியாகராய நகரில் சுமார் ஒரு லட்சம் ஸ்மார்ட் மீட்டர்களைச் சோதனையாகப் பொருத்தினார்கள். எந்த வீடு எந்த நேரத்தில் எவ்வளவு செலவழிக்கிறது என்பதை அவை நிமிடக் கணக்கில் சொல்லும். பில் கட்டத் தவறியவனை அலுவலகத்தில் இருந்தபடியே துண்டிக்கவும் அவற்றால் முடியும். அதே மீட்டர் "இங்கே மின்சாரம் போய்விட்டது" என்றும் சொல்ல வல்லது. பாக்கி வசூலிக்கக் காட்டும் அக்கறையை அதிலும் காட்டட்டுமே.

செய்தி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். யார் போவது? 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது சென்னையிலும் அக்கம்பக்கத்திலும் ஆயிரக்கணக்கான கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து லாரிகளில் வந்த மின்சாரத் தொழிலாளர்கள் கிடைத்த இடத்தில் படுத்து, கிடைத்ததைத் தின்று, மழைத்தண்ணீரில் நின்றபடி கம்பம் நட்டார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கையுறையும் இடுப்புவாரும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்ற முறையீட்டை அவர்கள் வாயால் பல தடவை கேட்டிருக்கிறோம். "லைன் செத்துவிட்டது, ஏறு" என்று யாரோ சொன்னதை நம்பிக் கம்பத்தில் ஏறி உயிர்விட்டவர்களின் வீடுகளுக்கும் போயிருக்கிறோம். ஒரு தாயார் எங்களிடம் கேட்டார்: "கம்பியில் கரண்டு இருக்கா இல்லையான்னு பார்க்க ஒரு மிஷின் இல்லையாப்பா?" இருக்கிறது, அம்மா. நாட்டின் மறுகோடியில் அலை அரைப் பாகை பிசகினாலும் கண்டுபிடிக்கும் மிஷின் இருக்கிறது. உங்கள் மகன் கையில் கொடுக்க நூற்றுக்கணக்கான ரூபாயில் முடியும் சோதனைக் கருவிகூட இருக்கிறது. கொடுக்கவில்லை.

மின்வாரியத்தில் களப்பணியிடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன என்று யூனியன்கள் ஆண்டாண்டாகக் கூறி வருகின்றன. பணமில்லை என்பது வழக்கமான பதில். கண்ணுக்குக் கிடைத்த பணம் கைக்குக் கிடைக்காதா? மின்சாரத்தை அளக்க ஒதுக்கிய நிதி போலவே, கம்பம் ஏறுகிறவனின் பாதுகாப்புக்கும் காலியிடங்களை நிரப்பவும் தனி நிதி ஒதுக்க வேண்டும். மழைக்கு முந்திய மரக்கிளை வெட்டும் வேலையை, நாலு நாள் ஆள் பிடித்து ஓட்டும் காண்டிராக்ட் வேலையாக வைக்காமல் நிரந்தர வேலையாக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய மின்தடைக்குப் பின்னும் கருவிகள் பதிந்த கணக்கை வைத்து என்ஜினீயர்கள் அறிக்கை எழுதுகிறார்கள். அது இங்கிலீஷில் அவர்களுக்குள்ளேயே சுற்றுகிறது. அதைத் தமிழில், இரண்டு பக்கத்தில், ஒவ்வொரு பிரிவு அலுவலகத்தின் வாசலிலும் ஒட்டட்டும். மணலி சம்பவத்துக்கும் அப்படி ஒட்டியிருந்தால் அந்தக் கட்டிடத் தொழிலாளி எங்களிடம் கேட்டிருக்க வேண்டியதில்லை.

அவருக்குச் சுருக்கமாகச் சொன்ன பதிலையும் இங்கே எழுதிவிடுகிறோம். பட்டணம் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்குவதில்லை; சில பெரிய வாசல்கள் வழியாக வாங்குகிறது. மணலி அப்படி ஒரு வாசல். வாசல் அடைபட்டால் மறுவாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், அதற்குப் பாதையும் வேண்டும், பாதையைத் திறக்க ஆளும் வேண்டும். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அந்த ஆளை எப்போ வைப்பாங்க?" என்றார்.

அதற்கு மின்வாரியம்தான் பதில் சொல்ல வேண்டும். அதோடு அறுப்புப் பட்டியலையும் வெளியிடட்டும்: ஒவ்வொரு கட்டத்திலும் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பீடர்கள் எத்தனை, செங்கல்பட்டு, திருவள்ளூர், தஞ்சைக் கிராமங்களின் பீடர்கள் எத்தனை?